பறிமுதல்: பாசி, பதினோரு கிலோ

சின்னப்பாலத்திலிருந்து நம்புத்தாய்
கையோடு மனுவைக் கொண்டுவந்தாள்.
மகன் போனில் வாங்கியது,
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
பாம்பன் பாலத்தை ரயில் கடந்து முடிப்பதற்குள்
ஆறு பக்கம் வந்துவிட்டதாம்,
பத்தி எண்களோடு,
வக்கீல் கையெழுத்துக்கு ஒரு கோடு விட்டு.

"இதுல நீங்க பாக்க என்னத்தம்மா இருக்கு?"
கேலி இல்லை.
ஏலத்தில் விலை கேட்கிற குரல்.

நல்ல மனுதான்.
சீனியர் மூன்று வருடம் அடித்துத் திருத்தியும்
எனக்கு வராத இங்கிலீஷ்.
இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஓரிடத்தில்
அவள் பெயர் 'டிரஸ்ட் மதர்' ஆகியிருந்தது.
சொன்னேன். சிரித்தாள்.
நான்காம் பத்தியில் நான் சிரிக்கவில்லை:
மனுதாரர் கடலில் இறங்கியது
மணி கோக்கும் மணி பொறுக்க.

பாசி.
கழுத்தில் கட்டுகிற பாசி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.
அதைக் குறை சொல்வதற்கில்லை.
காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு
விரலுக்குத் துணி சுற்றி
மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவளை
அது எங்கே பார்த்தது.

வனத்துறைக் காகிதத்தைப் புரட்டினேன்.
மதுரைக் கிளைக்காக அவர்களும்
ஏதோ ஓர் இயந்திரத்திடம் கொடுத்து இங்கிலீஷாக்கியிருந்தார்கள்.
பறிமுதல்: மணிகள், பதினோரு கிலோ, ஈரமானவை.

ஒரு நிமிடம் எனக்கு வியர்த்தது.
மணி பொறுக்குவதைத் தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை.
வீடியோவில் தோன்றி
அவர்கள் காகிதத்தை அவர்களுக்கே வாசித்துக் காட்டினால்
வழக்கு அன்றைக்கே மூழ்கிவிடும்.
அதையும் விளக்கினேன்.

அவள் வெளியே பார்த்தாள்.
தென்கடல் கலங்கிக் கிடந்தது.
"மணின்னா இன்னிக்கி விட்ருவாக.
நாளைக்கி எறங்கயில
என்னத்தன்னு சொல்லி எறங்க?
பாசின்னே போடுங்க."

போட்டேன்.
'நான்கு இடங்களில் மாற்றவா?' என்று கேட்டது.
மாற்று என்றேன்.
பீஸ் ஐந்நூறு.
"ஆறு பக்கத்துக்கு அவன் ஐநூறு,
ஒத்தச் சொல்லுக்கு நீங்க ஐநூறா?"
என்றபடி எண்ணி வைத்தாள்,
இருபதும் பத்துமாக, உப்புப் பிசுக்கோடு.

இரவில் எனக்கு வேறு கட்சிக்காரர்.
முகம் தெரியாது, லண்டன் என்கிறார்கள்.
கப்பல் வாடகை ஒப்பந்தங்கள்.
போன வருடம்
ஒன்றை வாசித்தால் நூற்றிருபது.
இப்போது இயந்திரம் வாசித்துவிடுகிறது.
அது வாசித்தது சரியா என்று நான் வாசித்தால்
பதினெட்டு.
நான் திருத்துகிற ஒவ்வொரு பிழையையும்
அது கற்றுக்கொள்கிறது என்று
பெருமையாக மின்னஞ்சல் அனுப்புகிறார்கள்.
பாசியையும் இனி கற்றுக்கொண்டிருக்கும்.
அதற்கு யார் பீஸ் தருவது?

மனுவை ஏற்றக் கைரேகை கேட்டது.
பெருவிரல். பதியவில்லை.
ஆள்காட்டி விரல். பதியவில்லை.
பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று.
பவளப்பாறை தின்றது போக மிஞ்சியதில்
ரேகை என்று சொல்ல ஒன்றும் இல்லை.
மகன் போனுக்கு ஓடிபி அனுப்பவா என்றது.
மகன் கடலில்.

வல்லம் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தோம்.
சீக்கிரத்துக்கு விற்ற மனு
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ராத்திரி பாக்கீகளே கப்பல் காகிதம்,
அந்தக் கப்பலு நம்ம கடல்ல வருமா?"
வரலாம்.
"தீவுப் பக்கம் வந்தா அவுகளுக்கும் அபராதம் உண்டா?"

இருக்கிறது. இருபத்திரண்டாம் பிரிவு.
யார் கட்டுவது, யார் கட்டவேண்டாம் என்று
ஒன்றரைப் பக்கம்.
சொல்ல வாயெடுத்தபோது
முப்பத்தொன்று நினைவுக்கு வந்தது, ரகசியக் காப்பு.

டீ சொல்லவா என்று கேட்டேன்.